நாள் மறந்த காவலன்

‘இற்றைப்படுத்தல் நிறைவேறவில்லை, பின்னர் மீண்டும் முயல்க’ என்னும் அறிவித்தலைக் கண்டிராத கணினிப் பாவனையாளர் மிகச் சிலரே. திரையின் வலப்பக்கக் கீழ்மூலையிற் சிவப்புக் குறியொன்று தோன்றும். ஓரிரு நாள் அது கண்ணை உறுத்தும். பின்னர் சுவரிலுள்ள பழைய கறைபோலப் பழகிவிடும். ஏனைய மென்பொருள்கள் பழுதுற்றால் அவற்றாற் செய்யும் வேலை தடைப்படும். பழுது உடனே தெரியவரும். எழுதும் மென்பொருள் திறவாவிட்டால் எழுதுவோர் அன்றே அதனைத் திருத்த முனைவர். வைரஸ் தடுப்பு மென்பொருளின் நிலை அத்தகையதன்று. அது வேலை செய்யும்போதும் எதுவும் நிகழ்வதில்லை. செய்யாதபோதும், நெடுநாள்வரை, எதுவும் நிகழ்வதில்லை. இரவுக் காவற்காரன் விழித்திருந்தானா உறங்கினானா என்பது களவு நடந்த மறுநாட் காலையிலேயே ஊருக்குத் தெரிகின்றது.

வடமராட்சியில் ஒரு வீட்டில், 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இச்சிவப்புக் குறி நான்கு மாதமாக அணையாதிருந்தது. வீட்டுக்குரியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பனைசார் தொழில்களில் வழங்கும் சொற்களைத் திரட்டுவதை ஓய்வுக்காலப் பணியாக மேற்கொண்டிருந்தார். சத்தகம், உமல், பிளா, தட்டுவம் முதலாய சொற்கள் ஏற்கெனவே அச்சேறியவை. அவற்றை அவர் பெரிதாகக் கருதவில்லை. ஓலை வார்ந்து பெட்டி இழைக்கும் பெண்கள் கைவேலையின் இடையே தமக்குள் வழங்கிக்கொள்ளும் சொற்களே அவரை ஈர்த்தன. ஓர் இழை பிழைத்துப்போனால் அதற்கொரு பெயர், மூலை திருப்பும் வகைக்கொரு பெயர் என அவை பெருகுவன. இவற்றைப் பென்சிலால் துண்டுத் தாளிற் குறித்துவந்து, மாலையிற் கணினியிற் பதிந்து, பின்னர் எழுத்தை அழித்து, அதே தாளை மறுநாளும் பயன்படுத்துவது அவர் வழக்கம். சிக்கனம் அவருக்கு இயல்பு. கடதாசிக்கே தட்டுப்பாடு நிலவிய அவ்வாண்டில் அது தேவையுமாயிற்று. ஆதலின் அவரது உழைப்பு முழுவதும் தங்கியிருந்த இடம் அக்கணினியே. படியொன்று வெளி வன்தட்டில் இருந்தது உண்மை. பழைய மாணவரொருவர் நிறுவிக் கொடுத்த சிறு நிரலொன்று மாத முடிவுதோறும் இயங்கி, வன்தட்டில் உள்ளவற்றிலும் புதியனவாகிய கோப்புகளை மட்டும் தெரிந்தெடுத்துப் படியெடுத்து வைக்கும். இந்நிரலைப்பற்றிப் பின்னரும் பேச நேரும்.

அவருக்குச் சொற்கள் தந்தோருட் சிறந்தவர் அயற்கிராமத்து மூதாட்டி ஒருவர். எண்பது வயதைக் கடந்தும் கடகம் இழைத்தவர். பங்குனி முழுவதும் ஆசிரியர் அவர் வீட்டு முற்றத்துக்குச் சென்றுவந்தார். சித்திரையில் மூதாட்டி காலமானார்.

கணினி 2010இல் வாங்கப்பட்டது. பின்னர் அதில் விண்டோஸ் 10 நிறுவப்பட்டது. வீட்டில் அச்சுப்பொறி இருந்தமையால், அயற்பிள்ளைகள் பாடக்குறிப்புகளை அச்சிடப் பென்டிரைவ்களுடன் வருவர். கோப்புறைகளை ஒளித்துவைத்து, அவற்றின் இடத்தில் அதே பெயருடைய குறுக்குவழிகளை மட்டும் காட்டும் புழுக்கள் இத்தகைய கருவிகளில் வீட்டுக்கு வீடு சென்று பரவுவன. குறுக்குவழியைச் சொடுக்கும் கை கோப்புறையைத் திறப்பதோடு புழுவையும் எழுப்பிவிடும். தடுப்பு மென்பொருள் இத்தகையவற்றை அடையாளப் பட்டியலொன்றின் துணைகொண்டே பெரிதும் இனங்காண்கின்றது. பட்டியல் நாள்தோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். பட்டியல் பழையதாயின், பழைய கள்ளரை மட்டும் முகமறியும் காவலனாக அது நின்றுவிடும்.

எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்ற நாள்கள் அவை. கணினி திருத்தும் இளைஞர் துவிச்சக்கரவண்டியில் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். “வைரஸ்தான் ஐயா அப்டேற்றை விடுகுதில்லை. போமற் அடிச்சுப் புதுசாப் போட்டாச் சரி” என்றார். வன்தட்டு முழுவதையும் அழித்து யாவற்றையும் மீள நிறுவுதல் என்பது அதன் பொருள். வெளி வன்தட்டிற் படி இருக்கின்றதே என்னும் துணிவில் ஆசிரியரும் இசைந்தார். வேண்டியவற்றுடன் மறுநாட் காலை வருவதாகக் கூறி இளைஞர் சென்றார்.

இளைஞரின் ஐயம் ஆதாரமற்றதன்று. 2008ஆம் ஆண்டு நவம்பரில் வெளிப்பட்ட கொன்பிக்கர் என்னும் புழு, வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் பெயர்கள் அடங்கிய இணைய முகவரிகளை நாடும் முயற்சிகளை இடைமறித்தது. விண்டோஸின் இற்றைப்படுத்தற் சேவையையும் முடக்கிற்று. கணினி பிற தளங்களுக்குத் தாராளமாகச் சென்றுவரும். மருந்துக்கடை உள்ள தெருவுக்கு மட்டும் வழி இராது. அதன் பின்வந்த வடிவங்களுள் ஒன்று பென்டிரைவ்கள் வழியாகவும் பரவிற்று. அப்புழு முதலில் நுழைந்த துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2008 ஒக்டோபர் 23ஆம் திகதியே, அதாவது புழு வெளிப்படுமுன்னரே, வெளியிட்டிருந்தது என்பது மனங்கொளத்தக்கது. முதலில் வீழ்ந்தவை அத்திருத்தத்தைப் பெறாதிருந்த கணினிகளே. இந்நோயைக் கண்டறிய 2009இல் ஆய்வாளர் கையாண்ட சோதனையொன்று மிக எளியது. ஒரே பக்கத்திற் சில படங்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுட் சில தடுப்பு நிறுவனங்களின் தளங்களிலிருந்தும், ஏனையவை தொடர்பற்ற வேறு தளங்களிலிருந்தும் வருவன. முன்னவை தோன்றாது பின்னவை மட்டும் தோன்றின் நோய் உண்டு என ஐயுறலாம்.

அன்று அவ்வீட்டில் ஆசிரியரின் தங்கை மகளும் இருந்தாள். பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவி, பாடம் புவியியல். எரிபொருள் தட்டுப்பாட்டால் விரிவுரைகள் இணையவழியாக நடைபெற்றமையால் மாமன் வீட்டில் தங்கியிருந்தாள். அவளது ஆய்வேடு அவளிடமிருந்த பென்டிரைவில் இருந்தது. சிவப்புக் குறியுள்ள கணினியில் அதனைச் செருக அவள் ஒருப்படவில்லை. அச்சம் காரணமாக எழுந்த கவனம் அது. கணினியியல் கற்றோரிடம் சிலவேளை இல்லாத இக்குணம் அவளுக்குப் பெரிதும் துணைசெய்தது. “மாமா, அவர் வரமுன்னம் இண்டைக்குப் பின்னேரம் மட்டும் எனக்குத் தாங்கோ” என்று கேட்டாள். “பாரன் பிள்ளை” என்றார் அவர்.

அவள் முதலில் இளைஞரின் வழியையே பின்பற்றினாள். தடுப்பு நிறுவனத்தின் தளத்தைத் திறக்க முயன்றாள்; எச்சரிக்கைப் பக்கமே தோன்றியது. ஐயம் வலுப்பெற்றது. ஹோஸ்ட்ஸ் என்னும் சிறு கோப்பைத் தேடிப் பார்த்தாள். விண்டோஸில் தளப்பெயருக்குரிய எண்முகவரியைக் கையால் எழுதிவைக்க உதவும் கோப்பு அது. அதிற் பகைவன் எவனாவது தடுப்பு நிறுவனத்தின் பெயரை 127.0.0.1 என்னும் எண்ணோடு சேர்த்து எழுதிவிட்டால், கணினி அந்நிறுவனத்தைத் தேடித் தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். கோப்பில் அத்தகைய வரி எதுவும் இல்லை. உரிமக் காலம் முடிந்திருக்குமோ எனப் பார்த்தாள், முடியவில்லை. முன்னொருகால் நிறுவி நீக்கிய வேறொரு தடுப்பு மென்பொருளின் எச்சம் மோதுகின்றதோ எனத் தேடினாள்; அதுவும் இல்லை. வன்தட்டில் இடம் போதியது.

இதன்பின் அவள் செய்தது நல்ல காரியம். தடுப்பு நிறுவனத்தின் தளத்தை விட்டு வேறு தளங்களைத் திறந்தாள். பல்கலைக்கழகத்தின் தளம் மறுக்கப்பட்டது. வங்கியின் தளமும் மறுக்கப்பட்டது. நெடுங்காலமாகப் புதுப்பிக்கப்படாத, முகவரிக்கு அருகே பூட்டுக்குறி இல்லாத பழைய பக்கங்கள் சில மட்டும் எளிதிற் திறந்தன. கொன்பிக்கர் போன்ற புழு மருந்துக்கடைத் தெருவை மட்டுமே மறிக்கும். இங்கோ பூட்டுள்ள கதவுகள் யாவும் மூடிக்கிடந்தன. ஆகவே இது வேறு நோய். ஆசிரியர் இதனை அறியாதவரல்லர். மூன்று மாதமாக இணையம் சரியில்லை என்று இணைப்பு வழங்குவோரைக் குறைகூறிக்கொண்டிருந்தார். மின்னஞ்சலைக் கைப்பேசியிற் பார்த்துக்கொண்டார். இற்றைப்படுத்தல் நடவாமை ஒரு குறை, தளங்கள் திறவாமை இன்னொரு குறை என இரண்டும் அவர் மனத்தில் இரு வேறு அறைகளில் இருந்தன.

பெரும்பாலான தடுப்பு நிறுவனங்கள், இணையத் தொடர்பு இல்லாத கணினிகளுக்கென அடையாளப் பட்டியலைத் தனிக்கோப்பாகவும் வழங்குகின்றன. மாணவி அதனைக் கைப்பேசியிற் பெற்று, கம்பி மூலம் கணினிக்கு மாற்றி, இயக்கினாள். அதுவும் மறுக்கப்பட்டது. ஆனால் இம்முறை மறுப்போடு காரணமும் வந்தது. கோப்பின் ஒப்பத்தைப்பற்றிய ஆங்கில வாசகம் அது; தமிழிற் கூறுவதாயின், ‘இச்சான்றிதழ் காலாவதியாகிவிட்டது அல்லது இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்பதாகும்.

இவ்வாசகத்தை வாசிப்போர் பெரும்பாலும் முற்பாதியோடு நின்றுவிடுவர். காலாவதி என்பது பழகிய சொல். மருந்துப் போத்தலிலும் பால்மாப் பெட்டியிலும் நாள்தோறும் காண்பது. மாணவியும் முதலில் அவ்வாறே கொண்டாள். அன்று காலை வெளியான பட்டியல் எவ்வாறு அன்று மாலையே காலாவதியாகும் என்னும் கேள்வி அதன்பின்னர் எழுந்தது. மீண்டும் வாசித்தாள். ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்னும் பிற்பாதி அப்பொழுதுதான் அவள் கண்ணிற் பட்டது. சான்றிதழின் விவரத்தைத் திறந்தாள். செல்லுபடியாகும் காலத்தின் தொடக்கம் 2021 என்றிருந்தது. கண் திரையின் கீழ்மூலைக்குச் சென்றது. கணினி காட்டிய திகதி: 2009 சனவரி 1.

அவ்வாண்டு சனவரியில் அவள் பத்து வயதுச் சிறுமி; குடும்பத்தோடு வன்னியில் இருந்தாள். திரையிலிருந்த திகதியை மாமனும் மருமகளும் பார்த்தனர். அதுபற்றி இருவரும் ஒன்றும் கூறவில்லை.

“மாமா, இந்த மணிக்கூடு எப்ப இருந்து பிழை?”

“கறண்ட் வெட்டத் தொடங்கின நாளில இருந்து பிள்ளை. அது கிடக்கட்டும், சுவரில மணிக்கூடு இருக்குத்தானே.”

காலையிற் கணினியை இயக்கும்போது ஏதேனும் அறிவித்தல் தோன்றுவதுண்டா என்று கேட்டாள். நாள்தோறும் தோன்றுகின்றது என்றார் அவர். கறுப்புத் திரையில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதி எப் 1 விசையை அழுத்தச் சொல்லும், தாமும் அழுத்துவதுண்டு. நான்கு மாதமாக ஒவ்வொரு காலையும் கணினி தன் நோயைத் தானே கூறியது. அதற்கு ஆசிரியர் ஒரு விசையால் விடையளித்து அதனை வாயடைத்தார். இதில் அவரைக் குறைகூறுவது முறையன்று. அறிவித்தல்களை எழுதும் பொறியியலாளர், பாவனையாளர் செய்யவேண்டியது இன்னதெனச் சொல்லாது, அழுத்தவேண்டிய விசை இன்னதென மட்டுமே சொல்லிப் பழகிவிட்டனர்.

நாளை மறந்த கணினி ஏன் காவலையும் இழக்கவேண்டும் என்பது விளக்கத்துக்கு உரியது. அடையாளப் பட்டியலை வெளியிடும் நிறுவனம், கோப்பு முழுவதையும் கணிதமுறையொன்றாற் சுருக்கிக் குறித்த நீளமுடைய ஓர் எண்ணாக்குகின்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் முற்றாக மாறிவிடும். அவ்வெண்ணைத் தன் மறைதிறவுகோலால் முத்திரையிட்டு அனுப்புகின்றது. முத்திரை மெய்யானதா என்பதை எவரும் அறியும் பொதுத்திறவுகோலால் கணினி சோதிக்கும். ஆயின் அப்பொதுத்திறவுகோல் இன்ன நிறுவனத்துக்கே உரியது என்பதற்குச் சான்று யாது? அதற்கே சான்றிதழ். அது ‘இத்திறவுகோல் இவருடையது, இந்நாள் முதல் இந்நாள் வரை’ என்று கூறுவது. நாள்வரையறை இல்லாவிடில், ஒருமுறை களவாடப்பட்ட திறவுகோல் என்றென்றும் செல்லும். வலுவிழந்த பழைய முறைகளும் வழக்கொழியா. இணையத் தளங்களின் பூட்டுக்குறியும் இதே அடிப்படையிலேயே நிற்கின்றது. ஆகவே சான்றிதழைச் சோதிக்கும் கணினி முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ‘இன்று என்ன திகதி?’ என்பது. அதற்கு விடை பிழையாயின் அதன்பின் வரும் கணிதம் எத்துணை நுட்பமாயினும் பயனில்லை. 2009இல் நிற்கும் கணினிக்கு, 2021இற் பிறந்த சான்றிதழ் இன்னும் பிறவாதது.

கணினி இவ்வாறு மறுத்தது பிடிவாதமன்று, கடமையே. இற்றைப்படுத்தல் என்பது வெளியார் அனுப்பும் ஒன்றைக் கேள்வியின்றி வீட்டின் நடுக்கூடத்தில் ஏற்றுக்கொள்ளும் வழி. கள்ளர் விரும்புவதும் அவ்வழியையே. 2012 மே மாதத்தில் வெளிச்சத்துக்கு வந்த பிளேம் என்னும் வேவு மென்பொருள் இதற்குச் சான்று. எம்டி5 என்னும் பழைய சுருக்கமுறையின் பலவீனத்தைப் பயன்படுத்தி, மைக்ரோசொப்டின் ஒப்பம்போலத் தோன்றும் ஒன்றை அது உருவாக்கிக்கொண்டது. அவ்வொப்பத்துடன், விண்டோஸ் இற்றைப்படுத்தல் என்னும் வேடத்தில், ஒரே வலையமைப்பிலுள்ள பிற கணினிகளுக்குட் புகுந்தது. மறுபுறம், ஒப்பம் மெய்யாயிருப்பதனால் உள்ளிருப்பது பழுதற்றது என்றும் ஆகிவிடாது. 2024 யூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் முறைப்படி அனுப்பிய இற்றைப்படுத்தலொன்றின் பிழையால், மைக்ரோசொப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. அது வேறு கதை.

இணையத்தோடு இணைந்த கணினி தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளாதா என்னும் கேள்வியும் நியாயமானதே. விண்டோஸில் அதற்கென ஒரு சேவை உண்டு. நேரம் கூறும் வழங்கியை நாடி அது மணிக்கூட்டைத் திருத்தும். ஆனால் தனித்தியங்கும் கணினிகளில் அதற்கோர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. வேறுபாடு 15 மணித்தியாலத்துக்கு மேற்பட்டால், இயல்பு நிலையில் அது திருத்தத்தை ஏற்காது. நேரத்தை மாற்றுவதும் ஒருவகைத் தாக்குதலாதலின் இவ்வெச்சரிக்கை தேவையாயிற்று. பதின்மூன்று ஆண்டு கடந்துவிட்டது என்று எங்கோ உள்ள வழங்கியொன்று கூறினால் கணினி எவ்வாறு நம்பும்? ஒருவர் அருகே இருந்து கையால் மாற்றவேண்டும்.

மாணவி கையால் மாற்றினாள். சில நிமிடங்களில் தளங்கள் யாவும் திறந்தன. இற்றைப்படுத்தலும் தானே தொடங்கி முடிந்தது. சிவப்புக் குறி பச்சையாயிற்று. விரைவுச் சோதனையில், அயற்பிள்ளைகளின் பென்டிரைவ்களிலிருந்து வந்த குறுக்குவழிப் புழுக்கள் இரண்டு அகப்பட்டன. மென்பொருள் அவற்றை ஒதுக்கி அடைத்தது. இளைஞர் கூறியதுபோல வைரஸ் இருந்தது உண்மையே. இற்றைப்படுத்தலைத் தடுத்தது அதுவன்று. இற்றைப்படுத்தல் நின்றமையால் அது வந்தது.

இதனோடு வேலை முடிந்திருக்கும். ஆயினும் தன் ஆய்வேட்டைப்பற்றிய அச்சம் மாமனின் சொற்களைப்பற்றியும் அவளுக்கு எழுந்தது. வெளி வன்தட்டைப் பொருத்திப் படியெடுக்கும் நிரலை இயக்கினாள். கண் இமைக்குமுன் அது முடிந்துவிட்டது. ‘படியெடுக்கப்பட்ட கோப்புகள்: 0’ என்றிருந்தது. எல்லாம் ஏற்கெனவே படியெடுக்கப்பட்டாயிற்று என்பது அதன் பொருள் என ஆசிரியர் விளக்கினார். மாத முடிவுகளிலும் அவ்வாறே காட்டுவதுண்டு என்றார்.

அவள் வன்தட்டைத் திறந்து பார்த்தாள். அங்கிருந்தவற்றுட் கடைசிக் கோப்பு பெப்ரவரி மாத இறுதிக்குரியது. பங்குனியும் சித்திரையும் வைகாசியும் அங்கே இல்லை.

நிரல் தன் விதிப்படியே நடந்தது. படியிலும் புதியதாயுள்ள கோப்பை மட்டும் எடு என்பது அதற்கிட்ட கட்டளை. மின்வெட்டுத் தொடங்கியபின் எழுதிய கோப்புகள் யாவும் 2009 சனவரி 1 என்னும் திகதி இடப்பட்டுச் சேமிக்கப்பட்டன. 2022 பெப்ரவரியைவிட 2009 பழையது என்பதால், நிரல் அவற்றைத் தொடவில்லை. நாள்தோறும் நீண்டுவந்த முதன்மைச் சொற்பட்டியலுக்கும் அதே கதி. வன்தட்டில் பெப்ரவரிப் பட்டியல் இருந்தது. கணினியில் இருந்த முழுமையான பட்டியலை நிரல் அதைவிடப் பழையதென எண்ணிற்று. தடுப்பு மென்பொருள் புதியதைப் புறக்கணித்த அதே பிழை இங்கும் நிகழ்ந்தது. ஆனால் அது மறுத்தபோது சிவப்புக் குறி காட்டிற்று. இந்நிரலோ மறுத்ததைத் தெரிவிக்கவும் இல்லை.

ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். மறுநாட் காலை கணினி அழிக்கப்படவிருந்தது. அதற்குத் தாமே இசைவளித்திருந்தார். மூதாட்டி கூறியவை தாளில் இல்லை. பென்சில் எழுத்துகள் அன்றன்றே அழிக்கப்பட்டன. கேட்டு மீள எழுதுவதற்கு மூதாட்டியும் இல்லை. “அவ தந்த சொல் எல்லாம் இதுக்குள்ளதான் பிள்ளை” என்றார் சிறிது நேரங் கழித்து.

அன்றைய அட்டவணைப்படி மின்சாரம் நிற்பதற்குச் சில நிமிடங்களே இருந்தன. அவள் நிரலை நம்பாது, சொற்கோப்புகள் இருந்த கோப்புறையை அப்படியே வெளி வன்தட்டில் வேறோர் இடத்துக்குக் கையால் இழுத்துவிட்டாள். எழுத்துக்கோப்புகளாதலின் ஒரு நிமிடமும் செல்லவில்லை. வன்தட்டைக் கழற்றி அவர் கையிற் கொடுத்தாள். மின்சாரம் நின்றபோது அது அவர் மடியில் இருந்தது.

மறுநாட் காலை கணினியை இயக்கியபோது மீண்டும் 2009 சனவரி 1. எப் 1 விசையை இம்முறை ஒருவரும் அழுத்தவில்லை. இளைஞர் வந்ததும் நிகழ்ந்ததைக் கேட்டார். ஒன்றும் பேசாது பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, தாய்ப்பலகையில் இருந்த நாணயம் போன்ற மின்கலத்தை நெம்பி எடுத்தார். 3 வோல்ட் அழுத்தமுடைய, சிஆர் 2032 எனப் பெயர்பெற்ற மின்கலம் அது. கணினி நிறுத்தப்பட்டு மின்தொடர்பும் அற்றிருக்கையில் அதன் மணிக்கூட்டைத் தொடர்ந்து ஓடச்செய்வது அதுவே. 1981இல் வந்த முதல் ஐபிஎம் தனியாள் கணினியில் இத்தகைய மணிக்கூடு இல்லை. இயக்குந்தோறும் திகதியைப் பாவனையாளரே தட்டச்சுச் செய்யவேண்டியிருந்தது. 1984இல் வந்த அதன் பின்னோனாகிய ஏடீ கணினியிலேயே மின்கலத்தால் ஓடும் மணிக்கூடு தாய்ப்பலகையில் இடம்பெற்றது. மணிக்கூட்டின் இதயம் ஒரு படிகம். செக்கனுக்கு 32,768 முறை அதிர்வது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் ஒன்று எஞ்சும். அதுவே ஒரு செக்கன். கைக்கடிகாரத்திலும் பெரும்பாலும் இதே படிகந்தான்.

கணினி மின்னிணைப்பில் இருக்கும்வரை மின்கலம் இளைப்பாறும். பல ஆண்டு பழகி வலுவிழந்த மின்கலம் ஓரளவு தாக்குப்பிடித்தது அதனாலேயே. 2022இன் மின்வெட்டுகள் அவ்விளைப்பாறுதலைப் பறித்தன. மார்ச் இறுதியில் அவை நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டன. மின்சாரம் திரும்பும்போது எழும் வீச்சுக்கு அஞ்சி, ஆசிரியர் நாள்தோறும் இரவில் இணைப்பையும் கழற்றிவிடுவார். கணினியைக் காப்பதற்கு அவர் செய்த அச்செயலும் மின்கலத்தின் முடிவை விரைவுபடுத்திற்று.

புதிய மின்கலம் கணினிக் கடைகளிற் கிடைக்கவில்லை. நெல்லியடியில் மணிக்கூடு திருத்துபவரொருவரிடம் இருந்தது. இளைஞர் சென்று வாங்கிவந்து, கூட்டற்குறி மேற்பக்கம் நிற்கப் பொருத்தினார். திகதி ஒருமுறை சரிசெய்யப்பட்டது, அதன்பின் வழுவவில்லை. தேநீர் அருந்துகையில் அவர், “இந்த மாதிரி எத்தினை மெசினுக்கு நான் போமற் அடிச்சிருப்பன் ஐயா” என்றார். ஆசிரியர் அதற்கு விடை கூறவில்லை. இன்னும் சிறிது சீனி போடச்சொல்லி மருமகளிடம் கூறினார். சீனிக்கு விலையேறியிருந்த காலம் அது.

எஞ்சியது கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை. முதன்மைப் பட்டியல் இருந்தாலும், நாளுக்கொன்றாக எழுதிய குறிப்புக் கோப்புகளிலேயே சொல்லின் சூழலும் கூறியவரின் விளக்கமும் இருந்தன. அவை அனைத்தும் 2009 சனவரி 1 என்னும் ஒரே நாளுக்குரியவை. பெயர்களும் ‘புதியது’, ‘புதியது 2’ என்பனவே. எது முந்தியது, எது பிந்தியது என்பதைக் கணினி கூற இயலாது. ஆசிரியர் ஒவ்வொன்றாக வாசித்தார். இது எரிவாயு வரிசையில் நின்றுவந்த நாள் எழுதியது, இது அவர் இருமல் தொடங்கிய கிழமை, இதனைக் கூறும்போது பேரப்பிள்ளை குறுக்கிட்டது என அவர் சொல்லச்சொல்ல, மருமகள் ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் திகதியை எழுதினாள். இரண்டு நாட் சென்றன. பெட்டியின் விளிம்பு கட்டும் முறைபற்றிய ஏழு சொற்கள் அடங்கிய ஒரு கோப்பு மட்டும் எந்நாளுக்கு உரியதென அவருக்கு நினைவு வரவில்லை. ஊகித்து ஒரு திகதி இடலாமா என அவள் கேட்டாள், வேண்டாம் என்றார். அக்கோப்பு 2009 சனவரி 1 என்னும் திகதியுடனேயே விடப்பட்டது.